கொழும்பில் நாங்கள், வாக்கு மட்டும் ஊரில்

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர், 2024 ஓகஸ்ட் 17)

"அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தல். என்னோடு வேலை செய்கிற தமிழ்ப் பொடியன்கள் ஆறு பேரில் நாலு பேர் வாக்குப் போடப் போவதில்லை என்கிறார்கள். படித்தவர்கள்தான். சோம்பல், வேறொன்றும் இல்லை. பாடசாலையிலேயே வாக்காளர் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கினால்தான் இது திருந்தும். சரிதானே?"

2024 ஓகஸ்ட் 18, ஞாயிறு

சரியில்லை.

2019 ஜனாதிபதித் தேர்தலில் 83.72 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். இந்த வருடம் இந்தியாவில் நடந்த பொதுத் தேர்தலில் அது 66 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான். 1931இலேயே ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்த நாடு இது. பிரான்ஸ் பெண்களுக்கு அது கிடைத்தது 1944இல். வாக்குப் போடு என்று இந்த நாட்டு ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த நாலு பேருக்கும் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து ஏன் என்று கேளுங்கள். பாடத்திட்டமெல்லாம் பிறகு பார்க்கலாம்.

2024 ஓகஸ்ட் 19

நேற்று கொஞ்சம் எடுத்தெறிந்து எழுதிவிட்டேன். கடையில் கணக்குப் பார்க்கும்போதுதான் உறைத்தது. (புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதுகிறேன். சதவீதம் என்றால் எதற்குச் சதவீதம் என்று கேட்பதுதான் என் வேலையே.) 83.72 என்பது வாக்காளர் இடாப்பில் பேர் உள்ளவர்களில் இத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு. இடாப்பில் ஏறாதவன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். மறுபக்கம், பேர் இடாப்பில் இருக்கும், ஆள் குவைத்திலோ டுபாயிலோ இருப்பார். வெளிநாட்டில் இருந்து வாக்குப் போட நமக்கு வழி கிடையாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை வீட்டில் ஆள் குறைந்திருக்கிறது என்று எண்ணினாலே தெரியும். ஆக அந்த எண் இரண்டு பக்கமும் ஆடுகிற எண். அதை வைத்து உங்களோடு வாதாடியது பிழை.

ஆனால் சோம்பல் என்பதை இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் கதையைக் கேளுங்கள். 1992இல், பதினெட்டு வயதில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இங்கே கடைக்கு வேலைக்கு வந்தேன். 1994இல் இரண்டு, 1999, 2000, 2001, 2004 என்று ஆறு தேசியத் தேர்தல்கள் வந்துபோயின. வாக்குப் போட்டது ஒரே ஒரு தடவை. மற்ற ஐந்துக்கும் என் வாக்கு தோட்டத்தில் இருந்தது, நான் புறக்கோட்டையில் மூட்டைக்கும் துண்டுக்கும் நடுவில் இருந்தேன். அரசியலில் அக்கறை இல்லாமல் இல்லை. ராத்திரியில் கடைப் பொடியன்கள் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை முடிவுகளைக் கேட்போம். வாக்குப் போடாத பயல்கள்தான் முடிவைப் பற்றி அதிகம் சண்டை போட்டோம்.

2024 ஓகஸ்ட் 21

"அப்படியென்றால் கொழும்புக்குப் பதிவை மாற்றியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறார் பம்பலப்பிட்டிக்காரர் ஒருவர்.

மாற்றப் பார்த்தேன் ஐயா. அப்போது மேல்மாடி அறை ஒன்றில் எட்டுப் பேர் இருந்தோம். கிராம உத்தியோகத்தர் கொண்டுவரும் படிவத்தை வீட்டுக்கார அம்மா வாங்கி, தன் குடும்பத்தின் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "உங்க பேரையெல்லாம் போட்டா நாளைக்கு வீடு எங்களுது என்டு கோர்ட்டுக்குப் போவீங்க" என்றார். நல்ல மனுஷி. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். ஆனால் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. வாக்காளர் இடாப்பு வாக்குப் போடுவதற்கான பட்டியல், அது உறுதிப்பத்திரம் இல்லை என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால்?

இப்போது யோசித்தால், வாக்காளர் கல்வி தேவைப்பட்டது எனக்கில்லை. அந்த அம்மாவுக்கு.

2024 ஓகஸ்ட் 25

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, கொட்டாஞ்சேனையில் பல வருடம் லாட்ஜ் நடத்திய பெரியவர் ஒருவர் நேற்றுக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்காரிய மட்டும் சொல்லாத தம்பி. பேரக் குடுக்கப் பயந்தது நாங்களுந்தான்" என்றார்.

எனக்கும் ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் பேரை எழுதிக் கொடுப்பதென்றால் அது முதலில் பொலிஸ் பதிவுதான். யார் தங்கியிருக்கிறார், எந்த ஊர், எதற்கு வந்தார், எப்போது போவார். 2007 ஜூன் 7 விடியற்காலையில் லாட்ஜுகளில் இருந்த தமிழர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. தடை வந்தது, பயம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கையில் படிவத்தோடு யார் கதவைத் தட்டினாலும், அது எந்தத் திணைக்களத்துப் படிவம் என்று பார்க்கும் முன்னே "இங்க வெளியாட்கள் யாருமில்ல" என்று வாய் சொல்லிவிடும்.

பெரியவரின் லாட்ஜில் பத்து வருடம் நிரந்தரமாக இருந்தவர்கள்கூட இடாப்பில் ஏறவில்லையாம். வெள்ளவத்தை நண்பரே, உங்கள் பொடியன்களின் அப்பாமார் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்திருப்பார்கள். கேட்டீர்களா, இல்லையா?

2024 ஓகஸ்ட் 27

கேட்டுவிட்டாராம். பதிலை அப்படியே தருகிறேன்: ஒருவருக்கு வாக்கு பருத்தித்துறையில். ஒருவருக்குப் பண்டாரவளையில். ஒருவருக்கு வாக்கு எங்கே என்றே தெரியாது. நாலாமவர் மட்டும் "எவன் வந்தா எனக்கென்ன" கட்சி.

நாலில் ஒன்று சோம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் நான் சோம்பல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

தெரியாது என்பவருக்கு: அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

2024 செப்டெம்பர் 8

இது கொஞ்சம் நீளம். வெட்கப்படுகிற விஷயமும் இருக்கிறது.

இந்த முறை 39 வேட்புமனுக்களை ஏற்றிருக்கிறார்கள். சீட்டு முழம் கணக்கில் வரும். முதல் மூன்று இடத்திலும் பலமான ஆட்கள் இருப்பதால் யாருக்கும் பாதிக்கு மேல் வராது, இரண்டாம் விருப்பு எண்ணப்படும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். 1982இலிருந்து எட்டு ஜனாதிபதித் தேர்தல் நடந்தும் ஒன்றில்கூட அது தேவைப்படவில்லை. அதனால் யாரும் சொல்லித்தரவும் இல்லை. நானும் கடைப் பொடியன்களுக்குச் சொல்லிக் கொடுப்போம் என்று விதிகளை ஒழுங்காக வாசித்தேன்.

ஒருவருக்கு மட்டும் வாக்கு என்றால் 1 என்று எழுதலாம், அல்லது புள்ளடி (X) போடலாம். இரண்டும் செல்லும். இரண்டாவது, மூன்றாவது தெரிவும் சொல்வதென்றால் 1, 2, 3 என்று எண்களாகவே எழுத வேண்டும். புள்ளடியையும் போட்டுவிட்டுப் பக்கத்தில் வேறொருவருக்கு 2 என்று எழுதினால் சீட்டு நிராகரிக்கப்படும். 1 இல்லாமல் 2 மட்டும் எழுதினாலும் அப்படித்தான்.

இதை வாசித்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 2019இல் நான் என்ன செய்தேன் என்று நல்ல ஞாபகம். பெரிய கெட்டிக்காரன் மாதிரி, பிடித்தவருக்கு அழகாகப் புள்ளடி போட்டு, இன்னொருவருக்கு 2 எழுதி மடித்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 135,452. அதில் கடைசி இரண்டு என்னுடையதாக இருக்கும் போல.

கணக்கெழுதுகிறவன், பத்திரிகை வாசிக்கிறவன், மற்றவனுக்கு வகுப்பெடுக்கிறவன். இந்த இழையை "சரியில்லை" என்று ஆரம்பித்தவனும் நானேதான்.

2024 செப்டெம்பர் 9

அவசரமாக ஒரு திருத்தம். "கடைசி இரண்டு" என்றால் 135,452இன் கடைசி எண் 2 என்ற பகடி. என் சீட்டு ஒன்றுதான். இரண்டு வாக்குப் போட்டேன் என்று யாரும் பொலிசுக்குப் போக வேண்டாம்.

2024 செப்டெம்பர் 14

தெமட்டகொடையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்கிறார்: வாக்காளர் அட்டை தபாலில் வரவில்லை, அப்போது வாக்கு இல்லையா?

இருக்கிறது. இடாப்பில் பேர் இருந்தால் போதும், அட்டை கட்டாயமில்லை. கட்டாயம் வேண்டியது ஆளை அடையாளம் காட்ட ஒன்று: தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, இப்படி. எதுவும் இல்லாதவர்கள் முன்கூட்டியே கிராம உத்தியோகத்தரிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் ஒழுங்கையில் பிறப்புச் சான்றிதழே இல்லாததால் அடையாள அட்டையும் எடுக்காத அக்காமார் மூன்று பேர் இருக்கிறார்கள். இவர்களிடம் போய் "வாக்கு உங்கள் உரிமை" என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தால் அதில் வடை சுற்றித்தான் திருப்பித் தருவார்கள்.

2024 செப்டெம்பர் 16

விடுமுறை பற்றிக் கேட்டவர்களுக்கு. தனியார் துறையிலும் சம்பளத்தோடு லீவு தர வேண்டும், குறைந்தது நாலு மணித்தியாலம். தூரத்தை வைத்து மனித உரிமைகள் ஆணைக்குழு ஒரு கணக்கும் வகுத்திருக்கிறது: 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். ஹட்டன் ஏறத்தாழ 130 கிலோமீற்றர், ஒன்றரை நாள். பருத்தித்துறைக்காரருக்கு இரண்டு.

இளம் வயதில் நான் வேலை செய்த ஒரு கடையில் இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் முதலாளி சிரித்திருப்பார். நான் ஒரே ஒரு தடவை போனேன் என்றேனே, அந்தத் தடவை இரண்டு நாள் கூலியை வெட்டினார். வாக்கின் விலை எனக்கு அப்போதே ரூபாய் சதத்தில் தெரியும்.

எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள்.

2024 செப்டெம்பர் 20, வெள்ளி, இரவு 11 மணி

பெஸ்டியன் மாவத்தையில் நிற்கிறேன். ஹட்டன் பஸ்ஸில் ஏற ஆட்கள் யன்னலால் பையைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். பார்த்தால் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் மாதிரி இருக்கிறது. கையில் பலகாரப் பெட்டி மட்டும் இல்லை.

எனக்கு வாக்கு இங்கேதான், 2005 இடாப்பிலிருந்து. நான் நிற்பது அம்மாவை ஏற்றிவிட. கண்ணில் சத்திரசிகிச்சைக்காக ஒரு மாதமாக என்னோடு இருக்கிறார். "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. தம்பி மகன் கூடப் போகிறான். பார்வை குறைந்தவர்கள் சான்றிதழ் வைத்திருந்தால் உதவிக்கு ஒருவரை உள்ளே அழைத்துப் போகலாம் என்பதால் அதற்கும் ஓடித் திரிந்து எடுத்தாயிற்று. கடைசியில், "சின்னத்த தடவிப் பார்த்தாவது போட்ருவேன், ஒருத்தரும் உள்ள வரவேணாம்" என்கிறார். சின்னத்தைத் தடவினால் தெரியாதம்மா என்றால், அது உனக்கு என்கிறார்.

2024 செப்டெம்பர் 24

வந்துவிட்டார். மைவிரலைக் காட்டிவிட்டுத்தான் சோறு சாப்பிட்டார். சனி இரவு ஊரடங்கு போட்டதால் இரண்டு நாள் அங்கேயே தங்கி வந்தார். அது அவருக்கு வசதியாகப் போனது.

இப்போது கணக்கு. வாக்களித்தது 79.46 சதவீதம். முதலாவது எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915, சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. பாதியை யாரும் தாண்டவில்லை. சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டாம் எண்ணிக்கை. மற்ற எல்லா வேட்பாளர்களுக்கும் போட்ட சீட்டுகள் மொத்தம் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றைத் திரும்பப் பிரித்துப் பார்த்ததில் இந்த இருவருக்கும் கூடியது அநுரவுக்கு ஒரு இலட்சத்துச் சொச்சம், சஜித்துக்கு ஒன்றே முக்கால் இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் கூட்டினால் 273,131.

33 இலட்சத்தில் மூன்று இலட்சம்கூட இல்லை! மீதி முப்பது இலட்சம் சீட்டில் இரண்டாவது தெரிவே இல்லை, அல்லது அதுவும் தோற்ற ஒருவருக்கே போயிருக்கிறது. வேண்டாம் என்று தெரிந்து விட்டவர்கள் எத்தனை பேர், அப்படி ஒன்று இருக்கிறது என்றே தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கடையில் ஒன்பது பேரில் ஐந்து பேர், "ரெண்டு எழுதினா ஒண்டோட பெலம் கொறஞ்சிரும்" என்று நம்பியிருந்தார்கள். குறையாது. உங்கள் முதலாமவர் போட்டியில் இருக்கும்வரை இரண்டை யாரும் பார்ப்பதே இல்லை. இதை நான் எட்டாம் தேதியே சொல்லியிருக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று சொன்னேன், எழுதினால் என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. பாதி வகுப்பு.

நிராகரிக்கப்பட்டவை இந்த முறை 300,300. 2019ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். என்னுடையது இல்லை. 1 என்று குண்டாக எழுதி இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் மடித்தேன்.

2024 ஒக்டோபர் 13

"வயதான அம்மாவை அலைக்கழிக்காமல் அவர் பதிவையும் கொழும்புக்கு மாற்றிவிடுங்களேன், நீங்கள்தானே முகவரிதான் பிரச்சினை என்று எழுதினீர்கள்" என்று மட்டக்குளி அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன். அதற்கு அவர் எழுந்துபோய் ஊரிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே பழைய வாக்காளர் அட்டைகள். எல்லாம் அடுக்கி, றப்பர் பட்டி போட்டு.

அம்மா பிறந்தது 1950. அதற்கு இரண்டு வருடம் முன்னால், தோட்டத்துத் தமிழர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்துவிட்டது, 1949இல் வாக்கும் போய்விட்டது. 1947 தேர்தலில் வாக்குப் போட்டு இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர் என் தாத்தா. 1952இல் அவருக்கே வாக்கு இல்லை. அந்தக் கட்சிக்கு ஒரு ஆசனமும் இல்லை. பிறகு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், யார் இந்தியா யார் இலங்கை என்ற பங்கீடு, போன உறவு, நின்ற உறவு. 1959இல் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்தார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்தபோது எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாற்பது வயதுக்காரர்களுக்கே வாக்கு இல்லை. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக் கடதாசி சரியானது. அம்மா முதன்முதல் வாக்குப் போட்டது 1994இல், நாற்பத்து நாலு வயதில். அதே தேர்தலில் எனக்கும் அங்கேதான் வாக்கு. நான் வராமல் கடையில் இருந்தேன் என்பதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

"அங்க பேரு இருக்கப் போயிதான் அந்தக் காம்பரா நம்மளுது" என்றார். (காம்பரா என்றால் லயத்து வீடு.) வீட்டுக்கார அம்மாவும் இதையேதான் சொன்னார், மறுபக்கத்திலிருந்து! இடாப்பு உறுதிப்பத்திரம் இல்லை என்று ஓகஸ்டில் பெரிதாக எழுதினேனே. சட்டப்படி இப்போதும் இல்லைதான். ஆனால் காணியும் இல்லாமல், வீட்டுக்கு உறுதியும் இல்லாமல் நாலு தலைமுறை ஒரே லயத்தில் இருந்தவருக்கு, அரசாங்கம் அச்சடித்து "இவர் இந்த இடத்தில் இருக்கிறார்" என்று சொல்லும் கடதாசி அது ஒன்றுதான். அதை வெட்டிக் கொழும்புக்குக் கொண்டுவா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே முகவரியை மாற்றினால் தீர்ந்தது என்று நான் எழுதியதை அரைவாசி திருப்பி எடுக்கிறேன். எனக்குச் சரிவந்தது. பருத்தித்துறைக்காரருக்கும் பண்டாரவளைக்காரருக்கும் சரிவருமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2024 ஒக்டோபர் 15

பருத்தித்துறைக்காரர் நேரடியாகவே எழுதிவிட்டார். சுருக்கம்: மாற்ற மாட்டாராம். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்குப் போட்டது ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு. புறக்கணிப்பு, பயம், எல்லாம். அவருக்கு அப்போது ஆறு வயது. அப்பா வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்ததை மறக்கவில்லையாம். "அந்த ஊரில்தான் போட வேண்டும் அண்ணா, இங்கே இல்லை" என்கிறார். செப்டெம்பரில் போகவில்லையே தம்பி என்று கேட்டேன். லீவு கிடைக்கவில்லை என்றார். எழுத்தில் கேட்டாயா என்றேன். பதில் இன்னும் வரவில்லை.

2024 நவம்பர் 17

பொதுத் தேர்தல் முடிந்தது. 68.93 சதவீதம். செப்டெம்பரில் வந்தவர்களை விட 18 இலட்சம் பேர் குறைவு. இடாப்பு அதேதான், இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

பெரிய ஆய்வாளர்கள் நிறையச் சொல்வார்கள். பெஸ்டியன் மாவத்தையில் நின்றவனாக நான் ஒன்று சொல்கிறேன்: ஒக்டோபர் 31 தீபாவளி. எல்லோரும் அப்போதுதான் ஊருக்குப் போய், இருந்த காசையும் லீவையும் செலவழித்துவிட்டு வந்தார்கள். இரண்டு வாரத்தில் ஒரு வியாழக்கிழமை திரும்ப வா என்றால்? மறுநாள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்பதால் சிலர் போனார்கள். ஹட்டன் பஸ்ஸில் இந்த முறை உட்கார இடம் இருந்தது. அம்மா யன்னலோரம் உட்கார்ந்து போனார்.

நிராகரிக்கப்பட்டவை 667,240. போட்டதில் 5.65 சதவீதம், இருபதில் ஒன்றுக்கு மேல். 2020இலும் 6 சதவீதம். ஆக இது ஒரு தடவை நடந்த விபத்தில்லை, சீட்டின் சுபாவமே இப்படி. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 எழுது என்றோம். இங்கே எண் எழுதவே கூடாது: கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு ஒரு புள்ளடி, கீழே விருப்பு இலக்கங்களில் மூன்று வரைக்கும் புள்ளடி. கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம், பட்டியலில் மூன்று பேர் கூட, ஆக 1 முதல் 21 வரை இலக்கம். வேட்பாளர் பேர் சீட்டில் இருக்காது, இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டும். கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் மொத்தமாகப் போச்சு. மூன்றுக்கு மேல் விருப்பு போட்டால் விருப்பு மட்டும் போகும், கட்சி வாக்கு நிற்கும்.

எங்கள் கடை நாட்டாமை ஒருவர், மூட்டை தூக்குகிறவர், செப்டெம்பரில் நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாராம். இந்த முறை மூன்று கட்சிக்கு 1, 2, 3 எழுதிவிட்டு வந்து, "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் அண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னார். என்ன சொல்ல? அந்த 667,240இல் ஒன்று என் கைங்கரியம்.

2024 நவம்பர் 18

அவரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏண்ணே, ஒரே அரசாங்கம், ஒரே பேனை, ரெண்டு விதமா?" என்றார்.

2025 ஜனவரி 12

வெள்ளவத்தை நண்பர் திரும்ப வந்து, "இத்தனை எழுதியும் என் கேள்விக்குப் பதில் இல்லை, பாடசாலையில் வேண்டுமா வேண்டாமா" என்கிறார்.

வேண்டும். ஓகஸ்டில் இல்லை என்றேன், அது பிழை. ஆனால் நீங்கள் கேட்ட பாடம் இல்லை. ஜனநாயகம் என்றால் என்ன, வாக்கு ஏன் புனிதம் என்பதெல்லாம் எங்கள் காலத்திலும் இருந்தது. பத்துப் புள்ளிக்கு எழுதியிருக்கிறேன். அதே நான்தான் 2019இல் புள்ளடியும் 2ம் போட்டேன். பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பொய்ப் பேரும் பொய்ச் சின்னமும் போட்ட மூன்று விதமான சீட்டைக் கையில் கொடுத்து அடையாளம் போடச் சொல்லுங்கள், பிறகு வகுப்பே சேர்ந்து எண்ணட்டும், எது செல்லும் எது செல்லாது என்று அடிபடட்டும். படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு பதினெட்டு வயதாகிறவர்கள் வருடாந்த இடாப்புக்குக் காத்திருக்காமல் குறைநிரப்பு இடாப்பில் ஏறலாம். இது எத்தனை வாத்தியார்மாருக்குத் தெரியும்?

இன்னொன்று, 2018 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவுக்கு முகவராக எண்ணும் இடத்தில் இருந்தேன். நிராகரித்த சீட்டுகளில் ஒன்று ஞாபகம். சின்னம் ஒன்றிலும் அடையாளம் இல்லை. குறுக்கே தமிழில் அழகான கையெழுத்தில், தன் ஒழுங்கையில் கான் (வடிகால்) அடைத்து இரண்டு வருடம் என்று ஒரு முறைப்பாடு. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அந்த ஆளுக்கு எழுத்தறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கானைப் பற்றி எங்கே சொல்வது என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

2025 மே 7

நேற்று உள்ளூராட்சித் தேர்தல். 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டியது, காசில்லை என்று தள்ளிப் போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போன ஓகஸ்டில் சொன்ன அதே தேர்தல். நாடு முழுக்க 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. இரண்டு வருடம் நடத்தாமல் வைத்திருந்தால் சனம் மறந்துபோகும்தான்.

இந்தச் சீட்டு மூன்றாவது விதம்: ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கே கிடையாது. நாட்டாமை அண்ணனுக்குத் திங்கட்கிழமை பழைய கணக்குக் கொப்பியில் கோடு போட்டு, ஆறு கட்டத்தில் ஆறு பழம் வரைந்து, ஒன்றுக்கு மட்டும் புள்ளடி போட வைத்தேன். மூன்று தடவை. நேற்று வந்து, "ஒண்டே ஒண்டுதான் போட்டேன், அன்னாசிக்கு" என்றார். நான் வரைந்த பழத்தில் அன்னாசி இருந்தது. சீட்டில் இருந்ததா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பருத்தித்துறைத் தம்பி இரண்டு நாள் லீவு எழுத்தில் கேட்டு, கிடைத்து, போய்ப் போட்டிருக்கிறார். அப்பாவோடு நடந்து போனாராம்.

2025 ஜூன் 15

இடாப்புத் திருத்தம் பற்றி மறுபடி பேச்சு வந்ததால் நேற்று அம்மாவின் பேர் ஊரில் சரியாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் தகப்பன் பேரின் முதலெழுத்து பிழை. பிஸ்கட் டின்னில் இருந்த அட்டைகளை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். 1994 அட்டையிலேயே அப்படித்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் யாரும் கவனிக்கவில்லை.

திருத்தப் படிவம் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். இப்போது கண் நன்றாகத் தெரிகிறது அவருக்கு. அட்டையைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தெரியும். நீ ஒண்ணும் எழுதிக் குடுக்காத. தொட்டா வெட்டிருவானுங்க."